கோழி மேய்ந்த மண்ணில் வான்கோழி: ஒரு வீட்டுப் பண்ணை நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீட்டை ஒட்டிய கொஞ்சம் நிலத்தில் கோழி வளர்த்துவந்த ஒரு கணவன் மனைவி, முதல் முறையாக வான்கோழி வளர்த்தபோது நடந்தது இது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். முட்டை வைத்த நாளிலிருந்து மனைவி ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்துவைத்திருந்தார். எடை, வெப்பம், எந்தக் குஞ்சு எப்போது சோர்ந்தது என்பதுவரை அதில் இருந்தது. அந்த நோட்டு இல்லையென்றால் இந்தக் கட்டுரையை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க முடியாது.

வீட்டின் பின்புறம் கம்பிவலை போட்ட அடைப்பு ஒன்று. அதில் பல வருஷமாக 20 கோழிகள்வரை மேய்ந்துவந்தன. கூடவே நாலைந்து வாத்துகளும் ஆறு கினிக்கோழிகளும் உண்டு. இருவருமே கோழி வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள். அடை வைப்பது, குஞ்சைத் தேற்றுவது, சோர்ந்த கோழியைப் பார்த்த மாத்திரத்தில் இனம் காண்பது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். அந்த அனுபவம் வான்கோழிக்கும் பெரும்பாலும் உதவியது. உதவாமல் போனது ஒரே ஒரு விஷயத்தில்தான். அதில் ஐந்து பறவைகள் போயின.

முட்டையிலிருந்து குஞ்சுவரை

வேறொரு வளர்ப்பவரிடமிருந்து 24 வான்கோழி முட்டைகள் வாங்கிவந்தார்கள். பயணத்தில் குலுங்கிய முட்டை என்பதால், கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டு அப்புறம்தான் இன்குபேட்டரில் ஏற்றினார்கள். அவர்களுடையது காற்றாடி இல்லாத பெட்டி. இந்த வகையில் மேலே சூடு அதிகம், கீழே குறைவு. அதனால் தெர்மாமீட்டரின் முனை முட்டையின் மேல்மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அந்த மட்டத்தில் 38.5 டிகிரி செல்சியஸ் வைத்தார்கள். காற்றாடி உள்ள பெட்டியாக இருந்தால் 37.5 போதும்.

வான்கோழி முட்டை பொரிய 28 நாள், கோழி முட்டைக்கு 21. ஏழு நாள் கழித்து, தங்கள் கோழிகள் இட்ட பத்து முட்டைகளையும் உள்ளே வைத்தார் மனைவி. எல்லாம் ஒரே நாளில் பொரிந்தால் வான்கோழிக் குஞ்சுகளுக்குத் தீனி எடுக்கக் கற்றுத்தரத் துணை இருக்கும் என்பது அவர் கணக்கு. இதில் இன்னொரு வசதியும் உண்டு. வான்கோழி முட்டையைத் திருப்புவதை 25ஆம் நாள் நிறுத்த வேண்டும். கோழி முட்டைக்கு அது 18ஆம் நாள். ஏழு நாள் தள்ளி வைத்தால் இரண்டும் ஒரே நாளில் வந்துவிடும்.

எட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் நான்கு முட்டைகளில் கரு இல்லை. ஒன்றில் இரத்த வளையம் மட்டும் தெரிந்தது, அதாவது கரு தொடக்கத்திலேயே இறந்திருந்தது. ஐந்தையும் எடுத்துவிட, மீதி 19.

பன்னிரண்டாம் நாள் ஒரு சிக்கல் தெரிந்தது. முட்டை ஒவ்வொன்றும் வைக்கும்போது சராசரியாக 85 கிராம். வான்கோழி முட்டை 25 நாளில் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை ஆவியாக இழக்க வேண்டும். அதாவது பத்து கிராம். அந்தக் கணக்கில் பன்னிரண்டாம் நாளுக்குள் ஐந்து கிராமாவது குறைந்திருக்க வேண்டும். குறைந்தது மூன்று கிராம்தான். முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறையும் சிறியதாக இருந்தது. உள்ளே ஈரம் அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் ஈரமானி 54 சதவீதம் என்று சரியான அளவையே காட்டிக்கொண்டிருந்தது.

அதனால் ஈரமானியைச் சோதித்தார்கள். ஒரு சின்ன மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, முழுக்கக் கரைந்துவிடாத அளவுக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடிவைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். இவர்களுடையது 66 காட்டியது. ஒன்பது புள்ளி குறைத்துச் சொல்லும் கருவியை நம்பி, பெட்டிக்குள் 63 சதவீத ஈரத்தை வைத்திருந்தார்கள். இரண்டு தண்ணீர்ப் பள்ளங்களில் ஒன்றை உலரவிட்டார்கள். 25ஆம் நாளுக்குள் எடை இழப்பு சராசரி ஒன்பது கிராமுக்கு வந்துவிட்டது. முட்டையை எடை போடுவது வேலை மெனக்கெட்ட காரியம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரமானி தப்பாகச் சொன்னாலும் முட்டையின் எடை தப்பாகச் சொல்லாது. என்னிடம் கேட்பவர்கள் எல்லோரிடமும் முதலில் ஒரு நல்ல தராசு வாங்கச் சொல்கிறேன்.

25ஆம் நாள் இன்னும் இரண்டு முட்டைகளில் அசைவு நின்றிருந்தது. மீதி 17ஐத் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை 65 முதல் 70க்கு ஏற்றினார்கள். ஓட்டில் முதல் கொத்து விழுந்து பல மணி நேரம் ஆகியும் வெளியே வராத முட்டைகளைப் பார்த்துக் கணவருக்குக் கை பரபரத்தது. “இன்னும் கொஞ்சம் பொறுங்க. உள்ளே இரத்தக்குழாய் வற்றியிருக்காது, இப்ப உரிச்சா இரத்தம்தான் வரும்” என்று மனைவி தடுத்துவிட்டார். அது சரியான முடிவு. கொத்து விழுந்த பிறகு ஒரு முழு நாள் எடுத்துக்கொள்வது வான்கோழிக்குச் சாதாரணம்.

பதினான்கு வான்கோழிக் குஞ்சுகளும் ஏழு கோழிக்குஞ்சுகளும் பொரிந்தன. மூன்று குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்தன. முதல் பாதியில் இருந்த அதிக ஈரம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

முதல் வாரம்

இங்கே எடுத்த ஒரு முடிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோழியிடமிருந்து வான்கோழிக்கு நோய் வரும் என்று கணவர் யாரோ சொல்லக் கேட்டிருந்தார். அதனால் துணைக்கென்றே பொரிக்கவைத்த கோழிக்குஞ்சுகளைக் கடைசி நேரத்தில் வேறு பெட்டியில் விட்டார்கள். கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த உண்மை இந்தக் குஞ்சுகளுக்குப் பொருந்தாது. இன்குபேட்டரில் பொரிந்து, மண்ணையே தொடாத கோழிக்குஞ்சிடம் அந்த நோய் இருக்க வழியில்லை.

வான்கோழிக் குஞ்சுகள் 35 டிகிரி சூட்டில், விளக்கடியில் நின்றன. நின்றன என்றுதான் சொல்ல வேண்டும். தீனித் தட்டைத் தாண்டி நடந்தன, தண்ணீரில் காலை வைத்தன, எதையும் கொத்தவில்லை. வயிற்றுக்குள் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தன. மூன்றாம் நாள் மாலை மனைவி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கழுத்தடியில் விரலால் தொட்டுப் பார்த்தார். தீனி எடுத்த குஞ்சுக்கு அங்கே இரைப்பை மெத்தென்று உப்பியிருக்கும். ஆறு குஞ்சுகளுக்கு அது தட்டையாக, தோலோடு ஒட்டிக் கிடந்தது.

அன்றிரவே மூன்று கோழிக்குஞ்சுகளைக் கொண்டுவந்து வான்கோழிப் பெட்டியில் விட்டார். தண்ணீர்த் தட்டில் நிறக் கோலிக்குண்டுகளைப் போட்டார். தட்டையான இரைப்பை உள்ள குஞ்சுகளின் அலகை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தொட்டெடுத்தார். கோழிக்குஞ்சு தட்டில் டக் டக்கென்று கொத்தும்; பக்கத்தில் நிற்கும் வான்கோழிக் குஞ்சு தலையைச் சாய்த்துப் பார்க்கும்; பிறகு தானும் கொத்தும். மறுநாளுக்குள் பெரும்பாலானவை பழகிவிட்டன. இரண்டுக்கு மட்டும் உதவி தாமதமாகிவிட்டது. ஒன்று நான்காம் நாளும் இன்னொன்று ஐந்தாம் நாளும் இறந்தன. தீனி பக்கத்திலேயே இருந்தும் எடுக்கத் தெரியாமல் பட்டினியில் சாவது வான்கோழிக் குஞ்சுகளில் பரவலாக நடப்பதுதான்.

ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோயிற்று. தரையில் விரித்த செய்தித்தாள் வழுக்கியதுதான் காரணம். இரு கால்களையும் அளவான இடைவெளியில் மென்மையான டேப்பால் இணைத்து, தரையில் சொரசொரப்பான துணி விரித்ததும் சில நாளில் சரியாயிற்று.

தீவனத்தில் நல்ல முடிவு எடுத்தார்கள். கையிலிருந்த கோழிக்குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம்; வான்கோழிக் குஞ்சுக்கு 28 வேண்டும். அதோடு அந்த மூட்டையின் சீட்டில் சாலினோமைசின் என்ற இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்திருப்பதாக இருந்தது. அது கோழிக்கு ஆகும், வான்கோழிக்கு நஞ்சு. சீட்டைப் படித்துவிட்டு மூட்டையை ஒதுக்கி, வான்கோழிக்கான தீவனமே வாங்கினார்கள்.

வெளியே விட்டது

வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் சூட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எட்டாவது வாரத்தில் 12 பறவைகளும் இறகு கட்டி, விளக்கில்லாமல் இருக்கத் தொடங்கின. இனி திறந்தவெளி வேண்டும். எங்கே விடுவது?

பின்புற அடைப்பைத் தேர்ந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வலை உறுதியானது, இரவில் எந்தப் பிராணியும் புகாது. இரண்டு மாதத்துக்கு முன்பே கோழிகளைப் பக்கத்து அடைப்புக்கு மாற்றி, இந்த இடத்தைக் காலியாகப் போட்டிருந்தார்கள். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பழைய எச்சத்தின் சுவடே இல்லை. “கோழியோட சேர்க்காம தனியாத்தானே விடுறோம்” என்றார் கணவர். நோய்ப் பயத்தில் முதல் வாரம் குஞ்சுகளைப் பிரித்துவைத்த அதே மனிதர்.

சுமார் இரண்டு வாரம் பறவைகள் செழித்தன. பிறகு நல்ல மழை. மழை விட்ட காலையில் மண்புழுக்கள் மேலே வந்து நெளிந்தன. வான்கோழிகள் அவற்றை ஓடி ஓடிப் பிடித்துத் தின்றன. பார்க்க அழகாக இருந்தது என்று நோட்டில் எழுதியிருக்கிறார்.

நோய் தெரிந்த விதம்

மழைக்குப் பத்து நாள் கழித்து ஒரு பறவை கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றது. இறக்கை தொங்கியது, கண் பாதி மூடியிருந்தது, கழுத்து உடம்புக்குள் இழுத்துக்கொண்டது. எச்சம் கந்தகத்தின் மஞ்சள் நிறத்தில், நுரையோடு இருந்தது. இரத்தக்கழிச்சலாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் எச்சத்தில் இரத்தம் இல்லை. பக்கத்து அடைப்பில் கோழிகள் எல்லாம் முட்டையிட்டுக்கொண்டு திடமாக இருந்ததால் தண்ணீரிலோ தீவனத்திலோ பழுது இருக்காது என்றும் பட்டது. கோழி நன்றாக இருக்கிறது என்பதைத் தைரியமாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அதுதான் துப்பு.

மறுநாள் காலை அந்தப் பறவை இறந்து கிடந்தது. மாலைக்குள் இன்னும் மூன்று சோர்ந்தன.

புதைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது மனைவி மறுத்தார். இறந்ததை ஒரு பையில் கட்டி அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். மருத்துவர் அறுத்துக் காட்டினார். ஈரலில் வட்ட வட்டமாகக் குழிந்த புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் விளிம்பு கட்டினாற்போல் ஒரு வளையம். குருட்டுக்குடல் இரண்டும் விரல் தடிமனுக்கு வீங்கி, உள்ளே கெட்டியான வெளிறிய அடைப்பு. ஹிஸ்டோமோனியாசிஸ், அதாவது கருந்தலை நோய் என்று அங்கேயே சொல்லிவிட்டார். தலை கறுத்திருக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பல பறவைகளில் அது வருவதே இல்லை.

நோய் வந்த வழி

நோயைத் தருவது ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. வெளியே தனியாகக் கிடந்தால் அது சீக்கிரம் செத்துவிடும். ஆனால் கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டராகிஸ் என்ற சின்னப் புழுவின் முட்டைக்குள் அது ஒளிந்துகொள்கிறது. அந்தப் புழுமுட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்புழு அதைத் தின்றால் மண்புழுவின் உடம்பில் தங்கும். கோழிக்கு இந்த நோய் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சுமந்துகொண்டே திடமாக இருக்கும். வான்கோழிக்கு வந்தால் கூட்டத்தில் பெரும்பகுதி போய்விடும்.

பல வருஷம் கோழி மேய்ந்த மண், மழை, மண்புழு, எட்டு வார வான்கோழி. இரண்டு மாதம் காலியாக விட்டதும் புல் வளர்ந்ததும் புழுமுட்டையை ஒன்றும் செய்யவில்லை. இந்தத் தம்பதியர் கோழியை ஒதுக்கினார்கள், கோழியின் மண்ணை ஒதுக்கவில்லை. முதல் வாரத்தில் ஆபத்தில்லாத குஞ்சுகளைப் பிரித்தார்கள். எட்டாம் வாரத்தில் ஆபத்துள்ள மண்ணில் இறக்கினார்கள். கோழியும் வான்கோழியும் சேரக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவைப்பதால் வரும் சங்கடம் இது. எந்தக் கோழி, எந்த வயதில், எதன் வழியாக என்று சொன்னால்தான் அந்த அறிவுரை உதவும்.

எடுத்த முடிவுகள்

மருந்து உண்டா என்று கேட்டார்கள். பல நாடுகளில் அனுமதி உள்ள மருந்து இப்போது இல்லை. அமெரிக்காவில் கடைசியாக இருந்த நைட்டார்சோன் 2015 இறுதியில் விலக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டைமெட்ரிடசோலுக்கு அதற்கு முன்பே தடை வந்துவிட்டது. மீதமிருந்த வழி, பறவைகளை மண்ணிலிருந்து தூக்குவது.

அன்று பொழுது சாய்வதற்குள் அடைப்பைக் காலி செய்தார்கள். சோர்ந்த மூன்றையும் தனியே ஒரு அறையில் வைத்தார்கள். நன்றாகத் தெரிந்த எட்டையும் சிமெண்ட் தரைக் கொட்டகையில் புது மரத்தூள் போட்டு, நடுவே பலகை வைத்து மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்தார்கள். இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. வான்கோழிக் கூட்டத்தில் இந்த நோய் புழு இல்லாமலும் நேரடியாகப் பரவும். நோயுள்ள பறவையின் ஈர எச்சத்தின் மேல் மற்றொன்று உட்கார்ந்தாலே போதும், ஆசனவாய் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். அதனால் ஒரு தடுப்பில் நோய் வந்தாலும் மற்ற இரண்டும் தப்ப வழி இருக்க வேண்டும். மரத்தூளைத் தினம் கிளறி உலர்வாக வைத்தார்கள்.

மருத்துவர் சொன்ன அளவில் கோழிகள் உட்பட எல்லாவற்றுக்கும் ஃபென்பெண்டசோல் கொடுத்துக் குடற்புழு நீக்கம் செய்தார்கள். அது புழுவைத்தான் கொல்லும், நோய்க்கிருமியைக் கொல்லாது என்பதை மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கோழி முட்டைகளை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டார்கள்.

விளைவு

சோர்ந்த மூன்றில் இரண்டு இறந்தன. ஒன்று எழுந்திருக்க முடியாமல் கிடந்ததால் அதன் வேதனையை நீட்டாமல் மருத்துவரே முடித்துவைத்தார். ஐந்து நாள் கழித்து, மூன்று பறவை இருந்த ஒரு தடுப்பில் ஒன்று சோர்ந்தது. உடனே எடுத்துவிட்டார்கள், அதுவும் பிழைக்கவில்லை. கூட இருந்த இரண்டும் மற்ற தடுப்புகளில் இருந்த ஐந்தும் தப்பின. பன்னிரண்டில் ஏழு மிஞ்சியது. கருந்தலை நோய் புகுந்த வான்கோழிக் கூட்டத்துக்கு இது நல்ல கணக்கு. அன்று மாலையே பிரித்ததுதான் காப்பாற்றியது என்று ஏழு பறவைகளை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இன்னொருவருக்கு இது வந்தால் அதையேதான் செய்யச் சொல்வேன்.

அடுத்த பருவத்தில் மாறியவை

கோழியா வான்கோழியா என்று இருவருக்கும் வாரக்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டு நிலத்தைப் பிரித்தார்கள். பழைய அடைப்பும் பக்கத்து அடைப்பும் கோழிக்கு. கோழி எப்போதுமே போகாத முன்பக்கச் சரிவு வான்கோழிக்கு. அங்கே முதல் மூன்று மாதம் கால் மண்ணில் படாதபடி, தரையிலிருந்து உயர்த்திக் கம்பிவலைத் தளம் போட்ட கூண்டு. செருப்பும் மண்வெட்டியும் இரு பக்கத்துக்கும் தனித்தனி. காலையில் முதலில் வான்கோழிக்குத் தீனி, அப்புறம்தான் கோழி, திரும்பி வருவதில்லை.

கோழிக்குஞ்சுத் துணையை விடவில்லை. முதல் நாளிலிருந்தே சேர்த்து வைத்தார்கள், மூன்றாம் வாரம், கோழிக்குஞ்சுகள் மண்ணைத் தொடும் முன் பிரித்தார்கள். தீனி எடுக்காமல் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. அடைக்கோழியின் கீழ் வான்கோழி முட்டை வைக்கும் யோசனையை மட்டும் அடியோடு விட்டுவிட்டார்கள். அடைக்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தான் மேய்ந்த மண்ணுக்குத்தான் போகும்.

ஒரு முடிவில் எனக்கு உடன்பாடில்லை. பிழைத்த ஏழில் ஒரு பெட்டை தானாகவே அடை உட்கார, அதன் கீழ் 11 முட்டைகளை விட்டார்கள். நோயிலிருந்து தப்பிய கூட்டத்துப் பறவையைக் குஞ்சுகளோடு சேர்ப்பதற்கு நான் துணிந்திருக்க மாட்டேன். அவர்கள் அதற்கு முன் இருமுறை குடற்புழு நீக்கம் செய்து, எச்சத்தைச் சோதனைக்குக் கொடுத்து, புழுமுட்டை இல்லை என்று வந்த பிறகே விட்டார்கள். ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன, ஒன்பதும் வளர்ந்தன. சோதனையில் ஒரு முறை முட்டை தெரியவில்லை என்பது புழுவே இல்லை என்பதாகாது. ஆகவே அடுத்தவருக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

தீராமல் இருந்தது கினிக்கோழிகள். அவை வலையைத் தாண்டிப் பறந்து இரு பக்கமும் மேயும். ஹெட்டராகிஸ் அவற்றின் குடலிலும் வாழும். மேல்வலை போட்டுப் பார்த்தார்கள், ஓட்டை கண்டுபிடித்து வெளியே வந்துவிட்டன. இப்போது ஆறையும், வான்கோழி இல்லாத வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.